நீ வரைந்த மொகத்தாரம்

மரம் வெட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ராயபுரம் வீட்டு முன்னறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய வியூக விளையாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, படங்களைத் துல்லியமாக்கி, பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டி மறுபடியும் விற்கிறார்கள் இப்போது. அந்த வரிசையில் நம் ‘கோட்டை’யும் வந்துவிட்டது. அதன் ஆங்கிலப் பெயர் உன் வாயில் கடைசிவரை நுழையவில்லை, நினைவிருக்கிறதா? தேரடி பிரவுசிங் சென்டரில் எல்லோருக்குமே அது கோட்டைதான்.

தரவிறக்கம் முடிந்து, புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கினேன். திரையில் ஒரு சின்ன மனிதன் கோடரியைத் தூக்கி மரத்தில் போட்டான். டொக். டொக். படத்தையெல்லாம் மாற்றியவர்கள் அந்தச் சத்தத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். கேட்டதும் இடது பக்கம் திரும்பிவிட்டேன். நீ எப்போதும் உட்காரும் பக்கம். அங்கே மடிக்காத துணிதான் கிடந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது என்பது என் கழுத்துக்குத் தெரியவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் வந்தது கோபம். ஏன் வந்தது, அதன்பிறகு என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் அதில் இருக்கும். பொறுத்துக்கொள்.

எர்ணாவூர் தாண்டி இருக்கும் கண்டெய்னர் யார்டில் நான் கணினியில் உட்கார்ந்து எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று பதிந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு, உனக்கும் அதேதான். நீ எண்ணூர் பக்கம் கத்திவாக்கத்துக்காரன். வீட்டில் வலை இருந்தது, படகில் பங்கு இருந்தது, கழிமுகத்தில் மீன்தான் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. அதனால் யார்டுக்கு வந்து, பெட்டிகளின் மேலே ஏறி கிரேன் கொக்கியை மாட்டும் வேலையில் சேர்ந்தாய். ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் நின்று, தம்பிக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், ஃபாரம் ரொப்பித் தருவியா மேடம் என்று கேட்டாய். வளைகுடாவில் மீன்பிடிக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ரயிலேறி திருவொற்றியூரில் இறங்கி, தேரடிப் பக்கம் காதர் பாய் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது நீ பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்லூரிப் பையன்கள் கோட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா இது, ராஜா வெளாட்டா?” என்று கேட்டாய்.

“ஆமா. ஊர் கட்டணும், ஆள் சேக்கணும், எதிராளி ஊரைப் புடிக்கணும்” என்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிய நேரங்களில் ஆபீஸ் கணினியில் நான் கொஞ்சம் ஆடிப் பழகியிருந்தேன்.

“கடல் கீதா இதுல?”

“கீது. கப்பல்கூடக் கட்டலாம்.”

“அப்ப தள்ளிக் குந்து” என்றாய். உன் தம்பியின் பாஸ்போர்ட் படிவம் அன்றைக்குப் பாதியில் நின்றது. தம்பி ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள், ஷிப்ட் முடிந்து, ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை நமக்கு அதுதான் வேலை. நீ எட்டாவதோடு நின்றவன். திரையில் வரும் ஆங்கில எழுத்தைப் படிக்கமாட்டாய். படத்தைப் பார்த்தே எல்லாம் பிடித்துக்கொண்டாய். கப்பலை மட்டும் முதல் நாளே என்னைவிட நன்றாக ஓட்டினாய். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டாய். விளையாட்டில் காற்று இல்லை என்றேன். “காத்து இல்லாத கடலா? பிசாத்து கடல்” என்று சொல்லிவிட்டு ஆடினாய்.

அங்கே கோட்டை ஆடிய ஒரே பெண் நான். ஒரு நாள் கல்லூரிப் பையன் ஒருவன், “அக்கா, இது லேடீஸ் வெளாட்ற கேம் இல்ல, அந்த மூல சிஸ்டத்துல போய் மெயில் பாருங்க” என்றான். நான் எழுந்திருக்கவே தொடங்கிவிட்டேன். நீ தலையைக்கூடத் திருப்பாமல் கேட்டாய்: “ஏன் மாமு, மவுஸுக்கு மீச மொளச்சிகீதா?” சென்டர் முழுக்கச் சிரித்தது. காதர் பாய் கல்லாவிலிருந்தபடி, “பிலோமினாம்மா, ஒங்க சிஸ்டத்துல நீங்க குந்துங்க. எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்” என்றார். அந்தப் பையனை அடுத்த வாரமே ஆட்டத்தில் தோற்கடித்தேன். எதிர்க் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னாய், அவனுக்கும் சேர்த்து. அன்றிலிருந்து மேடம் போய் தோஸ்து ஆனேன்.

அந்த விளையாட்டிலேயே வரைபடம் செய்யும் பகுதி ஒன்று இருந்ததை நீதான் கண்டுபிடித்தாய். தரை, தண்ணீர், மணல், மரம் என்று கட்டம் கட்டமாக நாமே வைத்து, அதில் நாமே ஆடலாம். மற்றவர்கள் அதில் விளையாட்டாக ஏதாவது செய்து பார்ப்பார்கள். நீ கத்திவாக்கத்தை வைத்தாய்.

ஏன் என்று கேட்டபோது சொன்னாய். அந்த வாரம் ஊரில் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் பெரிய தாளை விரித்து, இங்கே சாலை வரும், இங்கே கிடங்கு வரும் என்று காட்டினார்களாம். நீ முன்னால் போய் குனிந்து பார்த்தாயாம். நீங்கள் இறால் பிடிக்கும் இடம், படகு கட்டும் இடம், அலையாத்தி மரங்கள் நிற்கும் இடம், எல்லாமே அந்தத் தாளில் வெள்ளையாக, வெறும் தரையாக இருந்ததாம்.

“தண்ணியே இல்லன்னு போட்டுகிறான் தோஸ்து. என் கால் நனையுது, காயிதத்துல காஞ்சிகெடக்குது.”

“நீ ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேன். ஒனக்கு மேப் படிக்கத் தெரியுமான்னு கேட்டான்.” மவுஸை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். “படிக்கத் தெரியாது. போடத் தெரியும். போட்டுக் காட்றேன்.”

இரண்டு மாதம் ஆனது. நினைவிலிருந்துதான் எல்லாம் வைத்தாய். ஆறு கடலில் சேரும் வாய், அதன் குறுக்கே மண்மேடு, உள்ளே விரியும் கழி, அலையாத்தித் தோப்பு, உப்பளம். சந்தேகம் வந்தால் மறுநாள் காலையில் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு கட்டத்தை அழித்து ஒரு கட்டம் வைப்பாய். இரண்டு கட்டத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். ஆட்டத்துக்கு நன்றாக இருக்கும், கொஞ்சம் தள்ளி வை என்பேன். “ஆட்டத்துக்காவ ஆறு தள்ளிப் போவுமா?” என்பாய்.

கழியின் மேற்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாய். அங்கே அனல்மின் நிலையத்திலிருந்து குழாயில் வந்து கொட்டும் சாம்பல் படிந்து கிடந்தது. விளையாட்டில் சாம்பல் இல்லை. புல், மணல், சேறு, பாறை, பனி, அவ்வளவுதான். யோசித்துவிட்டுப் பனியை எடுத்து வைத்தாய்.

“எண்ணூர்ல பனி கொட்டுதா?” என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. “வெள்ளையா கீது. ஒண்ணியும் மொளைக்காது. கால வெச்சா உள்ள போவுது. வேற இன்னா வைக்கச் சொல்ற?”

நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அதில் நாம் இருவரும் ஆடினோம். ஒருவர் கடல் பக்கம், ஒருவர் கரைப் பக்கம். கடல் பக்கம் நீ. படகுகளைக் கட்டி, வாய் வழியே கழிக்குள் நுழைந்து, என் ஊரைப் பத்து நிமிடத்தில் கொளுத்திவிடுவாய். தொடர்ந்து தோற்றேன். மேப்பே ஏமாற்று, கடல் பக்கம் இருப்பவன்தான் ஜெயிப்பான் என்று ஒரு நாள் கத்தினேன். “நல்லா பாரு” என்று மட்டும் சொன்னாய். பார்த்தேன். கழியின் நடுவே, மண்மேடு வரைக்கும், ஆழம் குறைந்த தண்ணீர்க் கட்டங்கள் வளைந்து வளைந்து ஒரு கோடாகப் போயின. அதில் ஆட்கள் நடந்து போகலாம். அடுத்த ஆட்டத்தில் உன் படகுகளை உள்ளே வரவிட்டேன். என் ஊர் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, ஆட்களை அந்தக் கோட்டின் வழியே நடத்திக் கொண்டுபோய், காவல் இல்லாமல் கிடந்த உன் படகுத்துறையைப் பிடித்தேன். துறை போனால் ஆட்டம் போயிற்று.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாய். “கண்டுபுட்சிட்டா!” என்று சென்டருக்கே கேட்கக் கத்தினாய். தோற்றவன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. “கையால எறால் புடிக்கிறவங்க நடக்குற வழி அது. இடுப்பு ஆழம். எங்கம்மா நடந்த வழி” என்றாய்.

அந்த விளையாட்டின் ரசிகர்கள் நடத்திய இணையதளம் ஒன்றில் அந்த வரைபடத்தை ஏற்றினேன். பெயர் என்ன போடட்டும் என்றேன். மொகத்தாரம் என்றாய். முகத்துவாரம் என்று திருத்தினேன். “அது ரேடியோல சொல்றது. நாங்க மொகத்தாரம்னுதான் சொல்லுவோம். அப்டியே போடு.” செய்தவர் பெயர்? “ஊர் பேரு போட்டு நைனான்னு போடு. அப்டித்தான எல்லாரும் கூப்டுறாங்க.” ஆங்கில எழுத்தில் ‘கத்திவாக்கம் நைனா’ என்று போட்டேன். எங்கெங்கிருந்தோ ஆட்கள் ஆடினார்கள். குளிர் நாடு ஒன்றிலிருந்து ஒருவர், தென்னைமரத்துக்குப் பக்கத்தில் பனி எப்படி வந்தது, தவறு நேர்ந்துவிட்டதா என்று எழுதிக் கேட்டார். நீ சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன்: தவறுதான், ஆனால் செய்தது நாங்கள் இல்லை.

அப்புறம் வருடங்கள் ஓடின. உனக்குச் செல்வி வந்தாள். நான் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, அதையே பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்ததில் கேட்பவர்கள் ஓய்ந்துபோனார்கள். காதர் பாய் சென்டரை மூடிவிட்டு மொபைல் கடை வைத்தார். மூடும்போது ஒரு கணினியை உன் வீட்டுக்கே கொடுத்தார். யார்டில் நான் ஒவ்வொரு படியாக ஏறித் திட்டமிடும் பிரிவுக்கு வந்தேன். நீ கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கத்திவாக்கத்துக்கு வருவேன். செல்வி சுறாப்புட்டு செய்வாள். நாம் ஆடுவோம். “ரெண்டும் நரைச்சாலும் திருந்தாது” என்று அவள் திட்டுவாள்.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிரேன் ஏணி ஏறும்போது நடுவில் நின்றாய். மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, புகை பிடிப்பாயா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “நான் புடிக்கல சார். அதுதான் என்னப் புடிச்சிகினு கீது” என்றாய். அவருக்குப் புரியவில்லை. செல்விக்குப் புரிந்தது. வெளியே போய்விட்டாள்.

கடைசி மழைக்காலத்தில் உன்னால் உட்காரக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, “சொம்மா மூஞ்ச தூக்கி வெச்சிகினு குந்தாத. எதுனா ஆட்டம் சொல்லு” என்றாய். கோட்டை ஆட்டமொன்றை வாயாலேயே ஆடினோம். நான் ஆட்களை நகர்த்தியதைச் சொல்வேன், நீ படகை நகர்த்தியதைச் சொல்வாய். ஆட்டம் முடியுமுன் தூங்கிவிட்டாய். மறுநாள் காலையில் செல்வி போன் செய்தாள்.

இனி நீ பார்க்காதது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மறுவெளியீட்டில் வரைபடங்களின் பட்டியலைத் திறந்தேன். ரசிகர்கள் செய்த பழைய வரைபடங்களில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, மெருகேற்றிச் சேர்த்திருப்பதாகப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு சின்னப் படம். அந்த ஆற்று வாயின் வளைவை எனக்குத் தெரியாதா? பெயர் ‘பிறை விரிகுடா’ என்று இருந்தது. செய்தவர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. திறந்தேன். வாய் இருந்தது, மண்மேடு இருந்தது. உள்ளே கழி இல்லை. பாதிக்குமேல் நிரப்பித் தரையாக்கியிருந்தார்கள். நடுவே நடந்துபோகும் கோடு இல்லை. மேற்கே நீ வைத்த பனி முழுவதையும் எடுத்துவிட்டுப் பச்சைப் புல் போட்டிருந்தார்கள். அதன்மேல் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

மேலே இரண்டு வரிக் குறிப்பு: இரு தரப்புக்கும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி திருத்தப்பட்டது.

அன்று சாயங்காலமே எழுதினேன். இந்த வரைபடத்துக்குப் பெயர் உண்டு, செய்தவருக்குப் பெயர் உண்டு, அதில் தண்ணீர் உண்டு என்று. நான்கு நாள் கழித்து, வரைபடங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒருவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில். யாரோ தொகுத்து அனுப்பிய கோப்பிலிருந்து எடுத்தோம், பெயர் அதில் இல்லை, ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள் என்றது.

கத்திவாக்கத்துக்குப் போனேன். செல்வி இப்போது பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை பார்க்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து, உன் பாஸ்புக், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்தாள். மேலே உன் கையால் ஆற்று வாயின் படம் மட்டும் பேனாவால் போட்டிருந்தது. யார்டில் ஒரு பழைய கணினியில் அதைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது முறை ஓடியது. அந்த நாளைய தேதியோடு, உன் பெயரோடு, நான் எழுதிய குறிப்போடு எல்லாம் அப்படியே இருந்தது. அனுப்பினேன்.

இரண்டாவது பதில் வந்தது. ஆதாரம் போதும், பெயரை மகிழ்ச்சியோடு சேர்க்கிறோம், வரைபடத்தின் பெயரையும் மாற்றிவிடுகிறோம். தண்ணீரைத் திரும்ப வைக்க மட்டும் முடியாது. பழைய வடிவத்தில் கடல் பக்கம் இருப்பவரே எப்போதும் ஜெயிக்கிறார், எங்கள் ஆட்கள் ஆடிப் பார்த்துவிட்டார்கள். பனியும் வெளிப்படையான பிழை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அதற்கே கொஞ்சம் இறங்கிவிட்டேன். உன் பெயர் வருகிறதே என்று மனம் ஆறிவிட்டது. செல்வியிடம் சொல்லப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அவுரு பேரு போட்றாங்களா?”

“போட்றாங்க.”

“தண்ணி?”

“அது முடியாதாம் செல்வி.”

முறத்தைக் கீழே வைத்தாள். “தண்ணி இல்லாத எடத்துக்கு அவுரு பேரு இன்னாத்துக்குக்கா? அத்தத்தான ஏற்கெனவே எல்லாரும் பண்ணிகினு கீறாங்க. வேணான்னு சொல்லு. பேரும் வேணா, ஒண்ணும் வேணா. வெச்சா முழுசா வெய்யி, இல்லாங்காட்டி எட்த்துட்டுப் போன்னு சொல்லு.”

எனக்கு முகம் சுட்டது. உன் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தும், அதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே ஒன்று சேர்த்தேன்: நான் அனுப்பிய பழைய வடிவத்தில் நீங்களே கடல் பக்கம் ஆடுங்கள். தோற்கும் பக்கம் என்று எதைச் சொல்கிறீர்களோ, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் ஒத்துக்கொண்டார். அவருக்கும் அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, அவருக்குக் காலை, எனக்கு மத்தியானம். செல்வி ராயபுரத்துக்கு வந்து என் இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். விளையாட்டு அவளுக்குத் தெரியாது, ஆனால் திரையைப் பார்த்ததும் விரலை வைத்து, “இது எங்கூட்டாண்ட. இது தோப்பு. இது எங்கத்த எறால் புடிச்ச எடம்” என்று ஊரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அவர் நன்றாக ஆடினார். உன்னைவிட வேகம். எட்டாவது நிமிடத்திலேயே படகுகள் வாய்க்குள் வந்துவிட்டன. ஐம்பது வயதை நெருங்கும் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவரோடு கணினியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நொடி வெட்கமாகக்கூட இருந்தது. என் கிடங்கு எரிந்தது. களம் எரிந்தது.

“அக்கா, வூடெல்லாம் எரியுது! ஏன் சொம்மா பாத்துகினு கீற?”

“எரியட்டும். இன்னும் ரெண்டு படகு உள்ள வரணும்.”

வந்தன. நான் தோப்புக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்த ஆட்களைக் கழியில் இறக்கினேன். ஒருவர் பின் ஒருவராக, வளைந்து வளைந்து, அந்தக் கோட்டில் நடந்தார்கள். செல்வி விரலைத் திரையில் அவர்கள் கூடவே நகர்த்தினாள். அவளுக்கு அந்த வழி தெரியும். மாமியாரின் பின்னால் அவளும் நடந்த வழி. மண்மேட்டில் ஏறி, வெறுமனே கிடந்த துறையைப் பிடித்தோம். படகுகள் திரும்பி வர இடமில்லை. பதினைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: அந்த ஆழமில்லாத கட்டங்களை வரைந்தவரின் கைத்தவறு என்று நினைத்து, ஆடிப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட்டோம்.

நான் எழுதினேன்: அது மக்கள் நடக்கும் வழி. அதை எடுத்ததால்தான் ஆட்டம் சமமில்லாமல் போனது. நீங்கள் கழியைத் தூர்த்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த திருத்தப் பதிப்பில் கழி திரும்பி வந்தது. வழி திரும்பி வந்தது. பெயர் ‘மொகத்தாரம்’. செய்தவர் ‘கத்திவாக்கம் நைனா’. பனியைப் பற்றி அவர் தனியாகக் கேட்டிருந்தார். சாம்பலுக்கென்றே புதிதாக ஒரு தரை வரைந்து தரட்டுமா என்றார். நல்ல மனிதர்தான். செல்வியிடம் கேட்டேன். “அவுரு கையில இருந்தத வெச்சுப் போட்டாரு. அப்டியே வுடு” என்றாள். அப்படியே விடச் சொன்னேன். குறிப்பில் மட்டும் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன், சேர்த்தார்கள். அந்த வரைபடத்தை உலகத்தில் யார் திறந்தாலும் ஆட்டம் தொடங்குமுன் அது வரும்: மேற்கில் தெரிவது பனி அல்ல, சாம்பல்.

அந்தப் பதிப்பு வந்த அன்று, கத்திவாக்கத்தில் உன் வீட்டில் வைத்துத் திறந்தோம். செல்வி திரையைப் பார்த்தாள். பிறகு, “அன்னிக்கு அந்தக் கூட்டத்துல அவுருக்கு மூக்கு மேல கோவம் வந்தது நல்லதுக்குத்தான்போல” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது ஒரு தடவைதான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, இதனால் என்ன ஆகிவிட்டது என்று நானே கேட்டுக்கொள்கிறேன். சாம்பல் சாம்பலாகத்தான் கிடக்கிறது. நீயும் வரப்போவதில்லை. ஒரு விளையாட்டில் சில நூறு கட்டங்களை நீல நிறமாக்கினோம், அவ்வளவுதானே என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு ஒன்று ஆகியிருக்கிறது. அதை உன்னிடம் சொல்லி முடிக்கிறேன்.

போன வாரம் யார்டில் புது மேலாளர் விரிவாக்கத் திட்டத்தை என் மேசையில் வைத்தார். பின்பக்கச் சுவரைத் தாண்டி மூன்று வரிசைப் பெட்டி கூடுதலாக அடுக்கலாம், திட்டப்பிரிவின் கையெழுத்து வேண்டும் என்றார். தாளில் அந்த இடம் ‘காலி நிலம்’ என்று இருந்தது. நல்ல மனிதர், வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வெயிலில் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார். இருபத்தைந்து வருடமாக எத்தனையோ தாளில் பேசாமல் கையெழுத்துப் போட்டவள் நான். பேனாவை மூடி வைத்தேன்.

“சார், இது காலி நிலம் இல்ல. வாங்க, காட்றேன்.”

“மேடம், சர்வே பண்ணித்தானே கொடுத்திருக்காங்க?”

“பண்ணவங்க சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பண்ணிருப்பாங்க. பத்து நிமிஷம் வாங்க.”

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், வேறு வழியில்லாமல் அவர் பின்னால் வந்தார். சுவரின் கடைசியில் உடைந்த இடம் வழியே இறங்கினோம். சம்புக் கோரை அடர்ந்திருந்தது. இரண்டு நாரைகள் எழுந்து பறந்தன. தூரத்தில் எர்ணாவூர்க் குடியிருப்பிலிருந்து வந்த மூன்று பெண்கள் குனிந்து கையால் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்கள். அவர் விளிம்பிலேயே நின்றுவிட்டார். நான் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். கணுக்கால், முட்டி, புடவை நனைந்தது. அங்கே நின்றுகொண்டே திரும்பி, தாளை விரித்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். என்னையும் பார்த்தார். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பேசட்டும். அந்தத் தாள் இன்னமும் என் மேசையில்தான் இருக்கிறது. இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை.